கூட்டப்பொருளை எழுதுவது யார்?

2024 நவம்பர் 23 அன்று தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் கிராம சபை கூடியது. உள்ளாட்சி நாளான நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாளாக வந்துவிட்டதால் தள்ளிவைக்கப்பட்ட கூட்டம் அது. பெரும்பாலான ஊர்களில் வழக்கம்போல் நடந்து முடிந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் மட்டும் அப்படி முடியவில்லை. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் அங்கே ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தை ஒன்றிய அரசு சுரங்கத்துக்கு ஏலம் விட்டிருந்தது. சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் கொண்ட அரிட்டாபட்டியில், 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடமும் அந்த எல்லைக்குள் வந்தது. ஏலம் முடிந்த பிறகுதான் ஊருக்குச் செய்தி தெரிந்தது. அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் அன்றைய சபையில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் அதே கருத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய அரசு அறிவித்தது.

இதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. அந்த ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் போட்டியிட்டு வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவருடன் வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்ததைத் தவிர அவர் வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை.

ஒரே வட்டத்தில், முப்பது ஆண்டுகள்கூட இடைவெளி இல்லாமல் நடந்தவை இவை இரண்டும். ஊர் கூடி முடிவெடுப்பதைப் பற்றி நாம் பேசும்போது இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஊர் என்று நாம் சொல்லும்போது அதில் யார் யாரெல்லாம் அடக்கம்? அந்த ஊர் சொன்ன சொல் யாரைக் கட்டுப்படுத்தும்? தமிழ்நாட்டு உள்ளாட்சி வரலாறு ஆயிரம் ஆண்டுகளாக இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. முதல் கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்து, மிகத் தாமதமாக, ஓரளவு விடை கண்டிருக்கிறோம். இரண்டாவதை இன்னும் தொடவே இல்லை.

உத்திரமேரூரிலிருந்து தொடங்குவதே முறை. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, காலம் கி.பி. 919, 921. அவை விவரிக்கும் குடவோலைத் தேர்வு முறை என்றதும் மேடைகளில் பெருமிதம் பொங்குகிறது. ஆனால் அந்தச் சுவரில் எழுதியிருப்பதை வரிவரியாகச் சொல்பவர்கள் குறைவு. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். இளையோர் முதியோர் அடங்க மகாசபை கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் அனைவரும் சபை நடுவே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி, மேல்நோக்கிய பார்வையோடு குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும்.

விரல்களை விரித்து வாங்க வேண்டும் என்று கல்லில் வெட்டியவர்கள் மனிதர்களின் கையை நன்றாக அறிந்தவர்கள். ஓலையை மாற்ற யாருக்கும் ஒரு நொடிகூடக் கிடைக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். இப்படித் தேர்வானவர்கள் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றில் 360 நாள் பணியாற்றினார்கள். பிறகு விலக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழக் கூடாது.

எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகப் பெரியதாகப் படுவது கணக்கு பற்றிய விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என உறவுமுறை சொல்லிச் சொல்லி அத்தனை பேரையும் கல்வெட்டு விலக்குகிறது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கொடுக்காதவன் தன் இடத்தில் வேறொரு உறவினனை உட்காரவைத்துத் தப்ப முடியாது. 1,100 ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த விதிக்கு நிகரான ஒன்று இன்றைய ஊராட்சிச் சட்டத்தில் இல்லை.

அதே சுவர் இன்னொன்றையும் சொல்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; 35 முதல் 70 வரை வயது வேண்டும்; வேதக் கல்வி வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தச் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. ஏரி வாரியம் காத்த ஏரியின் நீரில் உழுது நட்டவர்களும், கோயிலுக்குக் கல் சுமந்தவர்களும், சேரியில் இருந்தவர்களும், எந்த வீட்டுப் பெண்களும் அந்தக் குடத்துக்குள் இல்லை. சோழர் காலத்தில் வேளாளர் ஊர்களில் ஊர் என்ற அவையும், வணிகர் ஊர்களில் நகரம் என்ற அவையும் இருந்தன. அங்கும் நிலமும் சரக்கும் வைத்திருந்தவர்களே பேசினார்கள். பறை அறைந்தும் காளம் ஊதியும் சபை கூட்டிய செய்தி கல்வெட்டுகளில் வருகிறது. அறைந்தவர் கூட்டத்துக்கு வெளியே நின்றார். தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது 2022 ஆகஸ்டில். செய்தி சொல்ல வேறு வழிகள் எத்தனையோ வந்த பிறகும் ஒரு சாதியாரின் கழுத்தில் தொங்கிய பறையை இறக்க அத்தனை காலம் ஆனது.

ஐரோப்பியர் வந்தபோது கதை வேறு திசையில் போனது. 1688-இல் சென்னைக்கு மாநகராட்சி கிடைத்தது. லண்டனில் இருந்து அதை வடிவமைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்டு காரணத்தை ஒளிக்கவில்லை. கம்பெனி தன் அதிகாரத்தால் போடும் சிறு வரியைவிட, மக்கள் தாமே தம்மீது போட்டுக்கொள்ளும் பெரிய வரியை மனமுவந்து கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. நகரத்து மக்கள் அதை நம்பவில்லை. வரி கட்ட மறுத்தார்கள். கோட்டையிலிருந்து வந்த ஏற்பாடு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிராமங்களில் நிலைமை மேலும் மோசமாயிற்று. ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவனோடும் நேரடியாக வரிக் கணக்கு வைத்துக்கொண்டதும் ஊர்ப் பொது அவைக்குச் செய்ய வேலை இல்லாமல் போனது. ஏரியின் மீதான அதிகாரம் பொதுப்பணித் துறைக்குப் போயிற்று. ஏரி வேலை மட்டும் மக்களிடமே இருக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. ஊரார் தாமே கரை கட்டித் தூர் வாரும் குடிமராமத்தை, 1858-இல் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம், செய்யத் தவறினால் தண்டம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மதகை எப்போது திறப்பது, மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமையோடு சேர்ந்ததுதான் அந்த உழைப்பு. உரிமையைப் பிரித்து எடுத்துவிட்டு உழைப்பை மட்டும் கேட்டால் மக்கள் ஒதுங்காமல் என்ன செய்வார்கள்? குடிமராமத்து அழிந்ததற்கு மக்களின் சோம்பலைக் காரணம் காட்டும் அறிக்கைகள் அந்தக் காலத்திலிருந்தே வருகின்றன. அவை மக்கள்மீது சுமத்தப்பட்ட அநியாயமான பழி.

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரர்களோடு போய்விடவில்லை. உழைப்பு வேண்டும், பங்குத்தொகை வேண்டும், கையெழுத்து வேண்டும். முடிவு மட்டும் எங்களிடம் இருக்கட்டும் என்பது அன்று முதல் இன்று வரை ஆட்சியாளர்களின் மனநிலை. ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானம் இதற்கு ஒரு விதிவிலக்கு. நிர்வாகம் சற்றுச் சீர்கெட்டாலும் பரவாயில்லை, மக்கள் அரசியல் பயிற்சி பெற வேண்டும் என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளுக்கு அது இல்லை. 1884-இன் சென்னை தல வாரியச் சட்டம் ரிப்பனின் எண்ணத்தை மிகச் சுருக்கியே செயலுக்குக் கொண்டுவந்தது.

அரசியல் நிர்ணய சபையில் கிராமம் பற்றிய விவாதம் எழுந்தபோது ஊரின் பெருமையைச் சொல்லும் வரலாறும் அதன் ஒதுக்குதலைச் சொல்லும் வரலாறும் மோதின. கம்பெனி அதிகாரியான சார்லஸ் மெட்காஃப் 1830-இல் இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று புகழ்ந்திருந்தார். காந்தியவாதிகளுக்கு அந்தச் சித்திரம் பிடித்துப்போயிருந்தது. 1948 நவம்பர் 4 அன்று பேசிய அம்பேத்கர் அதே மெட்காஃபை எடுத்துக்காட்டி, அந்தக் கிராமம் குறுகிய மனமும் சாதி வெறியும் குடிகொண்ட இடம், அரசமைப்பின் அலகாகத் தனிமனிதரை எடுத்துக்கொண்டது மகிழ்ச்சி என்று அடித்துச் சொன்னார். அந்த மாதக் கடைசிக்குள், தஞ்சை மண்ணைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்ற கூறு அரசமைப்பில் சேர்ந்தது. இன்று அது 40-ஆம் கூறு. வழிகாட்டும் நெறியாக மட்டுமே சேர்ந்ததால் எந்த அரசையும் அது கட்டுப்படுத்தவில்லை.

விளைவைத் தமிழ்நாடு கண்டது. 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-இல். அதற்குப் பிறகு 1996-இல். சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டு 1996 வரை தனி அலுவலர்களால் ஆளப்பட்டது. 23 ஆண்டுகள் ஒரு தலைநகரத்துக்கு மாமன்றமே இல்லை! ஒரு தலைமுறை தன் தெருவுக்கான உறுப்பினர் யார் என்று தெரியாமலே வாக்களிக்கும் வயதைக் கடந்தது. இதற்காக எந்தக் கட்சியும் தோற்கவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்ய வேண்டும்.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அம்பேத்கரின் கண்டனத்துக்கும் சந்தானத்தின் விருப்பத்துக்கும் ஒருசேரப் பதில் சொன்னது. ஊராட்சி கட்டாயம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு இட ஒதுக்கீடு கட்டாயம், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் கிராம சபை. நிலம் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை, ஆணா என்று கேட்கவில்லை. உத்திரமேரூர் மூடிவைத்த கதவை இந்த ஒரு வரி திறந்தது. தமிழ்நாடு 1994-இல் தன் சட்டத்தை இயற்றியது. 2019 தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடங்கள் என்ற நிலைக்கு வந்தது.

கதவு திறந்தபோது என்ன நடந்தது என்பதற்கு மேலவளவு சாட்சி. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் நாற்காலி பத்தாண்டு காலம் காலியாகவே இருந்தது. வேட்புமனு போட ஆள் இருக்காது. போட்டவர் வென்றால் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் வாங்கப்படும். 2006-இல் மாவட்ட நிர்வாகமும் அரசியல் கட்சிகளும் ஊர் ஊராக உட்கார்ந்து பேசித் தேர்தலை நடத்தின. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டிக்குச் சென்று கிராம சபையில் உட்கார்ந்தார். அந்த ஊருக்கு அது உரிய மரியாதை. அதே வேளையில், தேசியக் கொடி ஏற்ற விடாமலும் நாற்காலி தராமலும் பட்டியல் சாதித் தலைவர்களை நடத்தும் ஊராட்சிகள் இன்னும் செய்திகளில் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் கேள்விக்கு ஓரளவு விடை கண்டோம் என்று நான் எழுதியது இதனால்தான்.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு சராசரி கிராம சபையைப் பாருங்கள். காலை 11 மணி, ஊராட்சி அலுவலக வாசலிலோ பள்ளிக்கூட மரத்தடியிலோ சாமியானா. மேசைக்குப் பின்னால் தலைவர், ஊராட்சி செயலர், ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர். கீழே உட்கார்ந்திருப்போரில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். வருகைப் பதிவேடு கைமாறி வருகிறது. கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக விழுகின்றன. குறைவெண் வரம்பு நிறைந்ததா என்பதே செயலரின் முதல் கவலை. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வேண்டும். பிறகு கூட்டப்பொருள் வாசிக்கப்படுகிறது. அது சென்னையில் தயாராகி மாவட்டம், ஒன்றியம் வழியாக வந்த பட்டியல். கொசு ஒழிப்பு, நெகிழித் தவிர்ப்பு, குடிநீர்ச் சிக்கனம், வீட்டுத் திட்டங்கள். கொல்லிமலைக்கும் கோடியக்கரைக்கும் அதே பட்டியல்தான். எல்லாம் வாசித்து முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி: இதர பொருள்கள். ஊரின் சுடுகாட்டுப் பாதை, ஆக்கிரமிக்கப்பட்ட வாய்க்கால், மூடாத மதுக்கடை, வராத பேருந்து எல்லாம் அந்த ஒரு வரிக்குள் நெருக்கியடிக்க வேண்டும். அதற்குள் வெயில் ஏறிவிடும். பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். பதிவேட்டில் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதப்பட்டிருக்கும்.

வரவு செலவு வாசிக்கப்படுகிறது, உண்மைதான். செயலர் தலைப்புகளையும் தொகைகளையும் ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போகும்போது, தெருவிளக்குக்கு எத்தனை பல்பு வாங்கினீர்கள், எந்தக் கடையில், எந்தத் தெருவில் மாட்டினீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். கூட்டத்தின் முகமே மாறிவிடும். கேட்பவரை எதிர்க்கட்சிக்காரர் என்று முத்திரை குத்துவார்கள். அவருக்கு நூறு நாள் வேலை மறுக்கப்படலாம், வீட்டு மனைப் பட்டா இழுத்தடிக்கப்படலாம். கேள்வி கேட்க அஞ்சும் ஊரைப் பங்கேற்பில் அக்கறை இல்லாத ஊர் என்று அதிகாரிகள் எழுதுவது நியாயம் இல்லை.

பணத்தின் கதையும் இப்படித்தான். ஊராட்சியின் கைக்கு வரும் தொகையில் பெரும்பகுதி எதற்குச் செலவிட வேண்டும் என்ற குறிப்போடு வருகிறது. பதினைந்தாவது நிதிக் குழு ஊரக உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. இரண்டும் தேவையானவையே. ஆனால் எந்த ஊருக்கு எது முதலில் தேவை என்பதை டெல்லி எப்படி அறியும்? சட்டத்தின் 202-ஆவது பிரிவு, ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. ஆட்சியரின் முடிவை நிறுத்திவைக்கும் அதிகாரம் எந்தக் கிராம சபைக்கும் இல்லை.

இங்கே நியம்கிரியை நினைக்க வேண்டும். ஒடிசாவின் டோங்ரியா கோந்து மக்கள் வணங்கும் அந்த மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்று கிராம சபைகளைக் கேட்கும்படி 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 கிராம சபைகள் கூடின. 12-ம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. வன உரிமைச் சட்டமும், அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த மக்களின் பின்னால் நின்றன. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அரிட்டாபட்டியின் தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் இல்லை. தெருவில் இறங்கிய மக்களின் பலமும், எல்லாக் கட்சிகளும் ஒரு பக்கம் நிற்க நேர்ந்த சூழலும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் சபையும் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. அவற்றைக் கேட்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நிலத்தை இழக்கும் ஊரின் தீர்மானத்துக்கு எழுத்தில் காரணத்தோடு பதில் தர அரசு கடமைப்பட்டது என்பதில் யாருக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது.

வேறு வழி உண்டு என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1996 ஆகஸ்டில் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் முதலில் கொடுத்தது. திட்டம் தீட்டச் சொன்னது அதன் பிறகுதான். கிராம சபையை வார்டு அளவில் கூட்டியது. கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை நடுவில் உட்காரவைத்துப் பேச வைத்தது. ஊரின் வளங்களையும் குறைகளையும் ஊராரே தொகுத்து ஊராட்சிதோறும் அறிக்கை எழுதினார்கள். பின்னாளில் ஆர்வம் குறைந்ததையும் கட்சிப் பிடி இறுகியதையும் கேரளத்து ஆய்வாளர்களே விமர்சித்திருக்கிறார்கள். ஆனாலும் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பேசச் சொன்னதால் மக்களின் பேச்சுக்குப் பொருள் இருந்தது. தமிழ்நாட்டில் பல குக்கிராமங்களைச் சேர்த்த ஓர் ஊராட்சிக்கு ஒரே சபை. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியிலிருந்து ஒரு மூதாட்டி வந்து, ஊர்த்தெருவில் உட்கார்ந்து, எழுந்து பேசுவார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

நகரங்களின் நிலை இதைவிடப் பிந்தியது. 74-ஆவது திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கிராம சபைக்கு இணையாக நகரங்களில் கூட்டும் பகுதி சபை 2022 நவம்பர் 1 அன்றுதான் சென்னையை அடுத்த பம்மலில் முதலமைச்சர் முன்னிலையில் நடந்தது. ஒரு வார்டில் பல ஆயிரம் வாக்காளர்கள் இருக்கும் நகரத்தில் பகுதி சபை நடக்கும் நாளும் இடமும் அடுத்த தெருவுக்குத் தெரிவதில்லை.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, நீதிமன்ற வழக்கு எனக் காரணங்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும் இந்தக் காரணங்கள் ஒருபோதும் தடையாவதில்லை.

எனவே மாநில அரசிடம் நேராகக் கேட்போம். உள்ளாட்சித் தேர்தலை உரிய நாளில் நடத்துங்கள். கிராம சபையைக் குக்கிராம அளவில் கூட்டுங்கள். கூட்டப்பொருளில் முதல் பாதியை ஊர் எழுதட்டும்; உங்கள் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும். சபையின் தீர்மானத்தை ஏற்க முடியாதென்றால் 60 நாளுக்குள் காரணத்தை எழுதி அடுத்த சபையில் வாசிக்க வையுங்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதியைச் சட்டத்தில் சேருங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை ஆண்டின் ஆறு கிராம சபை நாட்கள். சொந்த ஊரில் வாக்கு வைத்திருப்பவர்கள் அடுத்த சபைக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வரவு செலவுக் கணக்கை வாங்கிப் படியுங்கள். காலனியிலிருந்து வந்தவர் பேச எழுந்தால், அவர் பேசி முடிக்கும் வரை கூட்டத்தைக் கலைய விடாதீர்கள்.